மேகாத்து முதலில் தொடும் தலை

சண்டை போடத்தான் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எங்கள் கூட்டத்தில் என்னைப் பற்றி என்னவோ தெய்வப்பிறவி மாதிரிப் பேசினார்கள். கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் போய் இறங்குகிற வரைக்கும், அந்தக் கமலவேணியை என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் வெயில். முந்தின நாள் தலைவலியின் மிச்சம் பிடரியில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

என் பெயர் தமயந்தி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிற வேலை. சாயம் ஏறி வந்த துணியை, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டோடு விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் விதவிதமான வெளிச்சம் மாறி மாறி எரியும். ஒற்றைத் தலைவலிக்காரிக்குப் போயும் போயும் இந்த வேலையா என்று கேட்பீர்கள். வேறு வேலை தெரியாது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிடித்த வலி. முதலில் கண்ணோரத்தில் ஒரு மினுமினுப்பு வரும். பிறகு எதிரில் இருப்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். அப்புறம் இடது நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து மண்டையின் ஒரு பாதியை மட்டும் யாரோ உரலில் போட்டு இடிப்பார்கள். வாந்தி. இருட்டு. ஒரு நாளில் போனால் புண்ணியம், சில சமயம் மூன்று நாள் இருக்கும். சாகவும் விடாது, பிழைக்கவும் விடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் ஒருத்தரும் நம்பவும் மாட்டார்கள். "தலைவலிதானே" என்று சொன்னவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால் பல்லடம் வரைக்கும் போகும்.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பொட்டு வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு விடிவு வந்தது. கோயம்புத்தூர் நரம்பு டாக்டர் இளங்குமரன் செய்தது. மண்டையில் வலி கிளம்புவதற்கு முன்னால் மூளைக்குள் ஒரு மெல்லிய அலை ஊர்ந்து போகுமாம். பொட்டு அதைப் பிடித்துவிடும். ஆனால் அலை வந்தவருக்கு அதனால் லாபமில்லை, மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். லாபம் அடுத்தவருக்கு. அதை அவர் சூலூரில் நடந்த எங்கள் முதல் கூட்டத்திலேயே விளக்கினார்.

"உங்க எல்லாத்துக்கும் காத்தழுத்தம் இறங்கினா வலி வரும். அது மேக்கால பாலக்காட்டுக் கணவாயில நுழைஞ்சு கெழக்க வருது. வேலந்தாவளத்துல ஒருத்தருக்கு வந்துச்சுன்னா கோயமுத்தூருக்கு வர ஒரு மணி நேரம், திருப்பூருக்கு ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள நீங்க மாத்திரை போட்டுக்கலாம்."

"அதுக்கு எதுக்குங்க மனுசன் தல? காத்தளக்கற மிசினு வெச்சாப் போதாதுங்களா?" என்று கேட்டார் ராஜாமணி அண்ணன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்வீஸ் முழுக்க ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மண்டையையும் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தவர்.

"வெச்சுப் பார்த்தேங்க. அது நாள் முழுக்கக் கத்துது. எந்த எறக்கம் தலையைப் பிடிக்கும், எது சும்மா போயிரும்னு மிஷினுக்குத் தெரியல. தலைக்குத்தான் தெரியுது."

இப்படித்தான் 'மேகாத்துக் கூட்டம்' உண்டானது. மேற்கேயிருந்து வருகிற காற்றை எங்கள் பக்கத்தில் மேகாத்து என்போம். கணவாய் வாயில் மாவு மில் வைத்திருக்கிற கமலவேணிதான் முதல் தலை. அவள் பொட்டு அலையைப் பிடித்ததும் எங்கள் எல்லோர் போனிலும் 'வருது' என்று ஒரு சொல் விழும். நாங்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்வோம். வலி வரும், ஆனால் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எல்லோரும் போன் குழுவில் 'நன்றி' என்று போடுவோம். நான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன். அக்கா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். என்னைப் பார்த்து என் அக்காவே அழுதாள்.

கூட்டம் எப்போதும் சூலூரில் ஒரு பஞ்சு குடோனில்தான் நடக்கும். ஜன்னல் இல்லை, குளுகுளுவென்று இருக்கும். விளக்குப் போட மாட்டோம், கதவு இடுக்கு வெளிச்சமே தாராளம். யாரும் மல்லிகைப்பூ வைத்து வரக்கூடாது, சென்ட் கூடாது, சாப்பாட்டில் தாளிப்பு வாசனை கூடாது. தயிர்ச்சோறுதான். வெளியாள் பார்த்தால் இழவு வீடு என்று நினைப்பான். எங்களுக்கோ அதுதான் திருவிழா.

அங்கே ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரையும் "எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது. வைத்தியமும் சொல்லக் கூடாது. வலி பிடித்த நாளிலிருந்து எங்களுக்கு எல்லோரும் சொல்லியாகிவிட்டது: சுக்கு அரைத்துப் போடு, கண்ணாடி மாற்று, கல்யாணம் ஆனால் சரியாகும், ஆனவர்களுக்குக் குழந்தை பிறந்தால் சரியாகும். எப்படி இருக்கு என்று கேட்டால் பரவாயில்லை என்று பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்யைச் சொல்லவும் தெம்பு வேண்டும். அதனால் கேட்காமல் இருப்பதுதான் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற மரியாதை. அப்பாடா என்று எல்லோரும் கை தூக்கி ஒத்துக்கொண்ட சட்டம் அது.

நான் சண்டைக்குக் கிளம்பிய அந்த வாரம் 'வருது' வரவில்லை. எனக்கு நேராகத் தலைவலி வந்தது. விளக்குப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போதே கருநீலத்தில் பாதி காணாமல் போக, இருக்கிற பாதியைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒரு லோடு துணி தப்பான நிறத்தில் போய்விட்டது. மேனேஜர் ஒன்றும் திட்டவில்லை. "இனி நீங்க பேக்கிங்ல இருங்க மேடம், அதுதான் உங்களுக்கு நல்லது" என்றார். திட்டியிருக்கலாம். அந்த ஆத்திரம்தான் என்னை வேலந்தாவளத்துக்கு பஸ் ஏற்றியது. பொட்டைக் கழற்றி வைத்துவிட்டு எங்கேயாவது விசேஷத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

மில் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஓட்டு வீடு. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டப்பகலில் ஜன்னலில் சாக்குத் தொங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒத்திகை பார்த்ததில் பாதி வாசலிலேயே மறந்துபோனது.

"யாருங்?"

"திருப்பூர் தமயந்தி."

"அய்யோ, அக்காங்களா. வாங்க, உள்ள வாங்க. லைட்டு மட்டும் போட்டுராதீங்."

தரையில் படுத்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். கூட்டத்துக்கு இரண்டொரு தரம்தான் வந்திருக்கிறாள், அதுவும் இருட்டில் பார்த்தது. நெற்றியில் ஈரத்துணி. ஒரு கண் இமை தொங்கிப்போயிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் வாந்தி எடுக்க ஒரு பிளாஸ்டிக் சட்டி. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

"உங்களுக்குச் சொல்லாமயே வந்துருச்சுங்களா? மன்னிச்சுக்குங்கக்கா. எனக்கு இந்தத் தடவ விடவேயில்ல. வலி உள்ளயே இருக்கறப்ப அலை புதுசா எங்கிருந்து கெளம்பும்? பொட்டுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருச்சு."

மன்னிப்பு. என்னிடம். நான் எதற்கு வந்தேனோ அதை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். என்னால் அதை வாங்க முடியவில்லை.

"ஏம்மா, ஊசி போட்டிருப்பியே? அப்புறம் எப்படி இப்படி?"

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடுகிற ஊசி ஒன்று உண்டு. அது ஒத்துக்கொண்டால் அலையே கிளம்பாது, தலைவலி கிட்ட வராது. ஆனால் பத்துப் பேரில் ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டால் பெரிசு. எனக்குப் போட்டு முகம் பூசணிக்காயாக வீங்கியதுதான் மிச்சம். முன்னால் எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாத கமலவேணி அதைத்தான் போட்டுக்கொள்வாள் என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

நான் சட்டத்தை மீறினேன்.

"கண்ணு, உனக்கு எப்படி இருக்கு?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுதால் வலி இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும், அதனால் "அழுவாத, அழுவாத" என்று நானும் அழுதேன்.

"ஊசி எனக்கு ஒத்துக்குமாமுங்க்கா. டாக்டரு சோதன பண்ணிச் சொன்னாரு. போட்டா தல சுத்தமா அடங்கிப்போயிருமாம். தல அடங்கிப்போச்சுன்னா உங்களுக்கெல்லாம் யாரு சொல்றதுங்? அதான் வேண்டான்ட்டேன்."

"கிறுக்கச்சி! எவ உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கலீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சின்னதுலேருந்து இந்தத் தலையால யாருக்கு என்ன பிரயோசனம்? என்ற கல்யாணத்துல மணவறையிலயே வாந்தி எடுத்தேன். எங்கப்பன் செத்தன்னைக்கு ஊடு பூரா ஒப்பாரி, நா மாட்டுக்கொட்டாயில காதப் பொத்திட்டுக் கெடந்தேன். இன்னைக்கும் எங்க சொந்தத்துல அதச் சொல்லிக் காட்டறாங்க. இப்பத்தான் மொத மொதல்ல இந்தத் தலைக்கு ஒரு வேல கெடச்சுது. எனக்கு வலிச்சா நீங்க எந்திரிச்சு நடக்கறீங்க. நன்றி நன்றின்னு போனு துள்ளறதக் கேட்டுட்டே படுத்திருப்பனுங்க்கா. அத உட்டுட்டு ஊசி போட்டு நா என்ன பண்ண?"

மறைக்காமல் சொல்கிறேன், உள்ளே ஒரு அற்பக் குரல் கேட்டது: இவள் ஊசி போட்டுக்கொண்டால் என் கதி? பேக்கிங்கிலேயே கிடக்க வேண்டியதுதானா? அந்தக் குரல் என்னுடையதுதான். வேறு யாருடையதும் இல்லை.

வெளியே மில் படியில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமாங்க டாக்டர், கமலவேணி ஊசியே போடலன்னு?"

"தெரியும். ஒத்துக்கும்னு சொன்னேன். வேண்டாம்னாங்க. அவங்க விருப்பம் இல்லீங்களா?"

"ஏன் வேண்டாங்கறேன்னு கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார். "கேட்டா பதில் வரும். வந்தா நான் ஏதாவது பண்ணியாகணும். அவங்க இல்லைன்னா இந்தப் பொட்டு வெறும் பிளாஸ்டிக்குங்க, தமயந்தி."

"இமை தொங்கிப்போச்சு அவளுக்கு."

"எந்தக் கண்ணு?" குரல் மாறிவிட்டது. "இதுக்கு மேல விடக்கூடாது. இப்படி நாள் கணக்கா நிக்கற வலியில கண்ணுக்குப் போற ரத்தம் தடைபடும். பார்வை போனா திரும்ப வராது. உடனே கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டுபோய் வலியை மட்டும் அடக்கிவிட்டு வந்தோம். ஊசிக்கு அவள் கை நீட்டவில்லை. "கூட்டத்துக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் போட்டுக்கறேன்" என்று சாதித்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடோனில் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டில் யார் முகமும் தெரியாதது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அவங்களா விரும்பித்தானுங்க செய்யறாங்க?" என்றது.

"ஆமா, விரும்பித்தான்! நாம நன்றி நன்றின்னு போட்டுப் போட்டு விரும்ப வெச்சோம்!" என்று கத்தினேன். குடோனில் யாரும் கத்துவதில்லை. நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே நெற்றிப்பொட்டில் ஒரு இடி விழுந்தது.

ராஜாமணி அண்ணன்தான் மெதுவாகப் பேசினார். "பங்காளிகளுக்கு ஒரே கெணறா இருந்தா மொற வெச்சுத்தானுங்க தண்ணி பாச்சுவோம். ஒருத்தனே எந்நேரமும் எறைக்க மாட்டான். அந்த மாதிரி தலைக்கும் மொற வெச்சா என்ன? ஆளுக்கு ரெண்டு வாரம் அங்க போயி இருப்போம். அந்தப் புள்ள ஊசி போட்டுக்கட்டும்."

"மொதல்ல யாரு போறது?"

கத்தியவள் நான்தான், வேறு வழி? கை தூக்கினேன். இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை, வாயைத் திறந்தும் சொல்ல வேண்டியதாயிற்று.

கமலவேணி ஊசி போட்டுக்கொண்ட அன்று, "இனி நா கூட்டத்துல யாருங்க்கா?" என்று கேட்டாள்.

"மாவரைக்கறவ. போய் மில்லத் தொற" என்றேன்.

அவள் தேறியது கண்ணுக்கு நன்றாக இருந்தது. இமை மெல்ல மேலே ஏறியது. பொரித்த வடகத்தின் வாசனையை நின்று நிதானமாக முகர்ந்து பார்த்தாள். மில் பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாடிக்கைக்காரர்களோடு வம்பு பேசினாள். லாரியில் லோடு ஓட்டப் போயிருந்த அவள் வீட்டுக்காரர் திரும்பி வந்தவர், இவளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

நான் சாக்குத் தொங்கிய அறையில் இருந்தேன். மூன்றாம் நாளோ என்னவோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டின் ஓரம் மினுமினுத்தது. வந்துவிட்டது. எச்சரிக்கை இல்லாமல், மாத்திரைக்கு அவகாசம் இல்லாமல், இளமையில் வந்த மாதிரியே முழுசாக வந்தது. சட்டியைத் தேடினேன். கமலவேணி மில்லை நிறுத்திவிட்டு ஓடிவந்து துணியை நனைத்துப் போட்டாள். அப்போது தலைமாட்டில் போன் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு நிற்கவே இல்லை. குனியமுத்தூர்க்காரர் மாத்திரை போட்டிருப்பார். சூலூரில் மூன்று பேர். பல்லடத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கண்ணைத் திறந்து பார்க்க முடியாது, ஆனால் ஒவ்வொரு அதிர்வும் ஒரு ஆள் என்று தெரிந்தது. மண்டை இடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது என்னை மட்டும் பிடித்த சனியனாக இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வலிக்கும்போது நான் யாருக்கும் தொந்தரவாக இல்லை.

அதற்குப் பிறகும் வந்தது. ஒன்றை அரைகுறையாகவும் ஒன்றை முழுசாகவும் தாங்கினேன். வலி இல்லாத நாட்களில் மேற்கே கணவாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மேகம் திரண்டால் மனசு பரபரத்தது. அது பயம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

முறை முடிந்த காலையில் ராஜாமணி அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு துணிப்பை, சொந்தத் தலையணை, குடிக்கத் தூக்குப்போசியில் மோர், காதுக்குப் பின்னால் பொட்டு. முகத்தில் கண்டக்டர் களை.

"என்னம்மா தமயந்தி, பொட்டி கட்டியாச்சா?"

நான் கட்டவில்லை. "அண்ணா, நீங்க இந்த பஸ்லயே திரும்பிப் போயிருங்க. நா இன்னும் ரெண்டு வாரம் இருந்துக்கறேன்."

"ஏம்மா?"

"உங்களுக்கு வயசாச்சு. தாங்க மாட்டீங்க. எனக்குப் பழகிருச்சு. சொன்னாக் கேளுங்க."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்ற மொறம்மா இது" என்றார், முறைத்தண்ணியைப் பக்கத்து வயல்காரன் மடை மாற்றினால் பேசுகிற அதே குரலில்.

மில் வாசலில் நின்ற கமலவேணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தாள். என் காதுமடலை மடக்கி, பின்னால் ஒட்டியிருந்த பொட்டைச் சடாரென்று பிய்த்தாள். நாலு முடியும் சேர்ந்து வந்தது.

"அடிப்பாவி! என்ன பண்ற?"

"அந்தப் போனு துள்ளற ருசி எனக்குத் தெரியுங்க்கா" என்றாள். "நல்லாத் தெரியும். போதும். வண்டியேறுங்க."

அந்த நிமிஷத்தில் அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறவள் எனக்குப் புத்தி சொல்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போய் என் துணிமணிகளை அப்படியே பையில் அமுக்கிக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பஸ் படியில் ஏற்றி, இறங்கிவிடாமல் வண்டி நகர்கிற வரைக்கும் வழியை மறித்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன.

பஸ் சாவடி ஊரைத் தாண்டும்போது மடியில் போன் அதிர்ந்தது. 'வருது.' ராஜாமணி அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. சட்டியை யாராவது எடுத்து வைத்தார்களோ, மோரையெல்லாம் வாந்தி எடுப்பாரோ என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. எனக்கு வந்தது பொறாமை. வயிறு எரிகிற பொறாமை. இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் அங்கே இருந்திருந்தால் அது என்னுடையது.

மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். குழுவில் ஒவ்வொருத்தராக நன்றி சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு விரல் வரவில்லை.

"ஏனுங்க, எதுக்கு அழுவறீங்க?" என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள்.

"தலவலிங்க" என்றேன். தலையில் ஒன்றுமே இல்லை.